சைக்கிள் ரிம்மும் பிரேக்கும்

தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட போதிலும், பள்ளிப் பிள்ளைகள் பலருக்குச் சைக்கிளே இன்னும் துணையாக இருந்து வருகிறது. டயரில் காற்று உண்டா, சங்கிலியில் எண்ணெய் உண்டா என்று பெற்றோர் பார்ப்பர். பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் புதிய பிரேக் கட்டை வாங்கிப் பொருத்துவர். ஆனால், சக்கரத்தின் ரிம்மை உற்று நோக்குவோர் மிகச் சிலரே.

பிரேக் கட்டை ரிம்மை அழுத்தும்போது உண்டாகும் உராய்வே வண்டியை நிறுத்துகிறது. அவ்வுராய்வில் கட்டை தேய்வதைப் போலவே ரிம்மும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. மண் சாலைகளில் உள்ள மணல் மழைநீருடன் கலந்து ரிம்மில் ஒட்டிக்கொள்கிறது. அத்துகள்கள் ரப்பர்க் கட்டையில் பதிந்து, அரத்தைப் போல உலோகத்தை அராவுகின்றன. ஆகவே, மழை மாதங்களில் தேய்மானம் மிகுதியாகும். டிஸ்க் பிரேக் பொருத்திய சைக்கிள்களில் பிரேக் ரிம்மைத் தொடுவதில்லை. அவற்றிற்கு இது பொருந்தாது.

ரிம்களில் எஃகு, அலுமினியம் என இருவகை உண்டு. முற்காலத்து 28 அங்குலச் சைக்கிள்களில் குரோமியம் பூசிய எஃகு ரிம்களே பெரும்பாலும் இருந்தன. எஃகு எளிதில் தேயாது. எனினும், நனைந்துவிட்டால் அதன் பிடிப்பு வெகுவாகக் குறையும்; பூச்சு உரிந்தால் துருவும் ஏறும். அலுமினிய ரிம் மழையில் எஃகைவிட நன்றாகப் பிடிக்கும். ஆயினும் விரைவில் தேயும்.

அலுமினிய ரிம்மின் பக்கச் சுவர் மெலிவது பேராபத்தாகும். டயரிலுள்ள காற்றின் அழுத்தம் அச்சுவரை எந்நேரமும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மெலிந்த சுவர் ஒருநாள் பிளந்து பிரேக்கில் சிக்கினால், ஓடும் சக்கரம் திடீரென நின்றுவிடக்கூடும். சரிவில் இறங்கும் பிள்ளை தூக்கி எறியப்படும். இதனைத் தவிர்க்கப் பெற்றோர் மாதம் ஒருமுறை பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. கட்டை உராயும் பக்கத்தின் குறுக்கே ஓர் இரும்பு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தென்பட்டால் ரிம் குழிந்துவிட்டது என்று பொருள். குழிவு ஆழமாக இருந்தாலோ, வெடிப்பு அல்லது வெளிப்புறப் புடைப்பு காணப்பட்டாலோ உடனே ரிம்மை மாற்றுங்கள்.

2. புதிய அலுமினிய ரிம்கள் பலவற்றில் மெல்லிய கோடு போன்ற பள்ளமோ சிறு குழியோ இருக்கும். அது தேய்ந்து மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது.

3. ரிம்மைச் சவர்க்கார நீரால் கழுவித் துணியால் துடையுங்கள். சங்கிலிக்கு விடும் எண்ணெய் ஒரு துளியும் ரிம்மில் படக்கூடாது.

4. கட்டையில் பதிந்த மணலையும் உலோகத் துணுக்குகளையும் ஊசியால் அகற்றி, மேற்பரப்பை மணல்தாளால் இலேசாகத் தேயுங்கள். கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் மட்டும் முழுமையாகப் படிய வேண்டும்.

5. பிரேக் பிடியை அழுத்தும்போது அது கைப்பிடியைத் தொட்டுவிடக் கூடாது. பிரேக் கம்பியின் இழைகள் அறுந்திருந்தால் புதிய கம்பி மாற்றுங்கள்.

ஓட்டும் முறையும் முக்கியமானதாகும். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிம் நனைந்திருந்தால் முதலில் நீர் துடைபட்ட பின்னரே கட்டை நன்றாகப் பிடிக்கும். ஆதலால், மழையில் முன்கூட்டியே பிரேக்கை இலேசாக அழுத்தத் தொடங்க வேண்டும். வேகம் இருமடங்கானால், நிறுத்தத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இச்சோதனைக்குத் தேவையானவை ஓர் அடிக்கோலும் கால் மணி நேரமுமே. மழை தொடங்குமுன் உங்கள் வீட்டுச் சைக்கிளின் இரு சக்கரங்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.