கடிகாரம் பார்த்து உட்காருங்கள், அத்தை

டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், அத்தை. நேற்று முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்றதும் வீடு முழுக்க ஒட்டடை அடித்தீர்கள். இன்று கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: ஒரு நாள் அளவுக்கு மீறிய வேலை, இரண்டு நாள் படுக்கை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் கீஃப் என்ற உளவியலாளர் இவர்களுக்கென்றே ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வலி வந்தபின் உட்காரக் கூடாது. கடிகாரம் பார்த்து உட்கார வேண்டும். நின்று சமைத்தால் 20 நிமிடத்தில் வலி எடுக்குமா? 15-ஆவது நிமிடத்திலேயே அடுப்பைக் குறைத்துவிட்டு நாற்காலிக்கு வந்துவிடுங்கள். வலி இல்லாவிட்டாலும் வர வேண்டும், அதுதான் முக்கியம். நாளாக ஆக, நிற்கும் நேரத்தை மெல்லக் கூட்டலாம்.

"ஜவ்வு தேஞ்சுபோச்சுன்னு எக்ஸ்ரேயிலேயே இருக்கே, பயிற்சி என்ன பண்ணும்?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் தேய்மானமும் வலியும் ஒரே அளவில் போவதில்லை. நிறையத் தேய்ந்தும் கோயில் படி ஏறுகிறவர் உண்டு. கொஞ்சம் தேய்ந்ததற்கே துடிக்கிறவரும் உண்டு. வலிச் சேதி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். பயம், கவலை, தூக்கமின்மை எல்லாம் அதை அகலத் திறந்துவிடும். பயிற்சி அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தப் பார்க்கிறது. இது உடம்பில் நடப்பது. ஆகவே "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வலி நிஜம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற நர்ஸ் 1970-களின் கடைசியில் மூட்டுவலிக்காரர்களுக்காக ஒரு வகுப்பு தொடங்கினார். வாரம் 2 மணி நேரம், 6 வாரம். நடத்தியவர்களில் பலர் டாக்டர்கள் அல்ல, மூட்டுவலிக்காரர்களே. ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு ஒரு சின்னத் திட்டம் சொல்ல வேண்டும்: "மூன்று நாள், காலையில், தெருமுனை வரை." அதைச் செய்வேன் என்ற நம்பிக்கை 10-க்கு எத்தனை என்று கேட்பார்கள். 7-க்குக் கீழே என்றால் திட்டத்தை இன்னும் சின்னதாக்குவார்கள். 1993-இல் வெளியான முடிவின்படி, 4 ஆண்டு கழித்தும் வகுப்புக்கு வந்தவர்களுடைய வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. எவ்வளவு நடந்தார்கள் என்பதைவிட, 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற தெம்பு கூடியதோடுதான் இந்தப் பலன் ஒட்டிப்போனது. ஆராய்ச்சி செய்தவர்களே எதிர்பார்க்காத விஷயம் இது.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூட்டு சிவந்து, வீங்கி, சுட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி இன்றைக்கே தொடங்கலாம். இந்த வாரம் எதுவரை நடப்பீர்கள், அத்தை? 10-க்கு எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.