ரயில்வே குமாஸ்தா செய்த துப்பாக்கி!

ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த ஓர் இளைஞர், பின்னாளில் உலகமே அறிந்த துப்பாக்கிக்குத் தம் பெயரைக் கொடுத்தார் என்றால் நம்புவீர்களா?

அவர்தான் மிகயீல் கலாஷ்நிகோவ். 1919-ல் சைபீரியாவின் அல்தாய் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. துருக்கிஸ்தான் - சைபீரிய ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு, 1938-ல் ராணுவத்துக்குப் போனார். 1941-ல் பிரையான்ஸ்க் அருகே நடந்த போரில் காயமடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். 'ஜெர்மானியர் கையில் இருப்பதுபோல் நம்மிடம் இல்லையே' என்று பக்கத்துப் படுக்கைச் சிப்பாய்கள் புலம்பினார்கள். அங்கேயே வரையத் தொடங்கினார்.

முதல் முயற்சிகள் தேறவில்லை. மனிதர் விடவில்லை. மற்ற நிபுணர்களுடன் சேர்ந்து உழைத்து 1947-ல் முடித்த துப்பாக்கியை, 1949-ல் சோவியத் ராணுவம் ஏற்றது. அதுவே ஏ.கே.-47.

அவருடைய கொள்கை ஒன்றுதான்: சிக்கல் கூடாது. துப்பாக்கி பிடிப்பவன் என்ஜினீயர் அல்லவே! குளிரில் கை விறைத்து, தூக்கம் கெட்டுக் கிடக்கும் சாதாரணச் சிப்பாய். அவனுக்காகவே உள் உறுப்புகளைப் பெரிதாக, கனமாக வைத்தார். அவற்றுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டார். மண்ணும் சேறும் புகுந்தாலும் உடனே இறுகி நிற்காது. துருப்பிடிக்காதிருக்கக் குழாயின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு. தனிக் கருவி இல்லாமலே கழற்றித் துடைத்து மாட்டலாம். குறியின் துல்லியம் சற்றுக் குறையும். அதற்கு அவர் சம்மதித்தார். சுடாமல் நிற்பதற்குச் சம்மதிக்கவில்லை.

நம் பாயின்ட்ஸ்மேன் இழுக்கும் லீவரும் அப்படித்தானே? மழையோ இருட்டோ, இழுத்தால் தண்டவாளம் திரும்பியாக வேண்டும்.

வியட்நாம் போரில் அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கி சிக்கிக்கொண்டு சிப்பாய்களைக் கைவிட்டது. 1967-ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே அதை விசாரித்தது. ஏ.கே.யின் அருமை அப்போது நன்றாகத் தெரிந்தது.

ஆனால், சிப்பாய்க்கு எளிதானது மற்றவர்களுக்கும் எளிதாயிற்று. கொள்ளையனும் எடுத்தான், பயங்கரவாதியும் எடுத்தான். ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களில் பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுவர்கள் கையிலும் அதைத் திணித்தார்கள்.

விவசாயிக்கு உதவும் புல்வெட்டும் இயந்திரம் போன்ற ஒன்றைச் செய்திருக்கலாமே என்று 2002-ல் அவரே சொன்னார். ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். தன் துப்பாக்கியால் இறந்தவர்களின் சாவில் தனக்கும் குற்றம் உண்டா என்பதே கேள்வி.

தாய்நாட்டைக் காக்கத்தான் செய்தேன் என்று காலமெல்லாம் சொல்லி வந்தவர் அவர். 2013 டிசம்பரில், 94-வது வயதில் கண் மூடினார். துப்பாக்கியில் ஒரு சிக்கலும் வைக்காத மனிதருக்கு, கடைசியில் மனசில் இருந்த சிக்கல் மட்டும் அவிழவில்லை.