சூனியக்காரி என்று சொல்லிக் கொள்கிறவர்கள்

‘சூனியக்காரி’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் யார் வந்து நிற்கிறாள்? வளைந்த மூக்கு, கூம்புத் தொப்பி, தோளில் ஒரு கறுப்புப் பூனை, சவாரிக்கு ஒரு துடைப்பம் - இப்படி ஒரு கிழவிதானே? குழந்தைகளின் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் நம்மை அப்படிப் பழக்கி விட்டன.

நான் சொல்லப் போவது அந்தக் கிழவியைப் பற்றி அல்ல. காலையில் ஆபீசுக்குப் போய், சாயங்காலம் கறிகாய் வாங்கிக் கொண்டு வீடு திரும்பும் சாதாரணப் பெண்களைப் பற்றி. ஆண்களும் உண்டு. “உங்கள் மதம் என்ன?” என்று கேட்டால், “விக்கா” என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் சுமார் 13,000 பேர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் வேறு.

உங்கள் பெண்ணோ, பேத்தியோ ஒரு நாள் இந்தப் பெயரைச் சொல்லிக் கொண்டு வந்து, “இது என்ன, அம்மா?” என்று கேட்கலாம். “சீ, அந்தப் பேச்சே வேண்டாம்!” என்று வாயை அடைப்பதை விட, விஷயம் தெரிந்து பதில் சொல்வது நல்லது அல்லவா? ஆகையால் ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

அப்படி என்னதான் நம்புகிறார்கள்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். இவர்கள் சைத்தானை வணங்குகிறவர்கள் அல்ல. சைத்தான் கிறிஸ்தவ மதத்தில் வருகிறவன். விக்காவில் அவனுக்கு இடமே கிடையாது. இவர்கள் வணங்குவது ஒரு தேவியையும் ஒரு தேவனையும். தேவனுக்கு மான் கொம்பு போல் தலையில் கொம்பு உண்டு. காட்டுக்கும் வேட்டைக்கும் அதிபதி. அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் வெளியார் ‘பிசாசு’ என்று பயந்து விட்டார்கள்!

தேவி சந்திரனோடு சேர்ந்தவள். வளர்பிறையில் கன்னி, பௌர்ணமியில் தாய், தேய்பிறையில் கிழவி என்று அவளுக்கு மூன்று தோற்றங்கள். கிழவியும் தெய்வமே என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இவர்களுடைய ஒழுக்க விதி மிகவும் சுருக்கமானது. பிறருக்குத் தீங்கு வராத வரையில் உன் விருப்பப்படி செய்து கொள்ளலாம். இன்னொரு நம்பிக்கையும் பலரிடம் உண்டு: நீ செய்தது நன்மையோ, தீமையோ, மூன்று மடங்காக உன்னிடமே திரும்பி வரும். அடுத்த வீட்டுக்காரிக்குக் கெடுதல் செய்ய நினைப்பவளுக்கு இது லாபமான வியாபாரம் அல்ல!

பண்டிகைகள் வருஷத்தில் எட்டு. சூரியனின் போக்கையும் பருவங்களையும் ஒட்டி வருகிறவை. அக்டோபர் 31-ந் தேதி ‘சாவின்’. அன்று இறந்து போனவர்களை நினைத்துக் கொள்வார்கள். டிசம்பரில் இரவு மிக நீண்ட நாள் ‘யூல்’. பிப்ரவரித் தொடக்கத்தில் ‘இம்போல்க்’. குளிர் தளர்ந்து ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலம். மே முதல் தேதி ‘பெல்டேன்’. பூவும் நெருப்பும் கல்யாணமுமாகக் கொண்டாடுவது. ஆகஸ்டு முதல் தேதி அறுவடையின் ஆரம்பம். ஜூன் மாதத்து நீண்ட பகலும், இரவும் பகலும் சமமாக வரும் இரண்டு நாட்களும் சேர்ந்தால் எட்டு ஆகி விடும். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் அல்லவா? அங்கே உள்ளவர்கள் பெரும்பாலும் ‘யூல்’ பண்டிகையை ஜூன் மாதத்தில் கொண்டாடுகிறார்கள். இவை தவிர, பௌர்ணமி தோறும் பூஜை உண்டு.

துடைப்பமும் கத்தியும்

பூஜைக்குத் தனிக் கோயில் வேண்டியதில்லை. வீட்டுக் கூடமோ, தோட்டமோ போதும். முதலில் இடத்தைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள். ஆமாம், அதே துடைப்பம்தான்! பறப்பதற்கு அல்ல, வேண்டாததை வெளியே தள்ளுவதற்கு. பிறகு ஒரு வட்டம். பழைய முறைப்படி ஒன்பது அடி குறுக்களவு. வடக்கே மண், கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர் என்று நான்கு திசைகளையும் அழைப்பார்கள்.

கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று உண்டு. அதனால் எதையும் வெட்டக் கூடாது என்பது வழக்கம். வட்டம் வரைந்து காட்டுவதற்கு மாத்திரந்தான். வெட்டுகிற வேலைக்கு வெள்ளைப் பிடிக் கத்தி வேறு. கோல், கிண்ணம், ஐந்து முனை நட்சத்திரம் பொறித்த தட்டு ஆகியவை மற்றச் சாமான்கள். முடிவில் பணியாரமும் திராட்சை மதுவும் பகிர்ந்து சாப்பிட்டுக் கலைவார்கள். கல்யாணமானால் மணமக்களின் கைகளைக் கயிற்றினாலோ, நாடாவினாலோ சேர்த்துக் கட்டுவார்கள். இருவரும் கை கோத்தபடி துடைப்பத்தைத் தாண்டுவதும் உண்டு.

எத்தனை நாளைய மதம்?

“இது கற்கால மதம். பாதிரிமார்களுக்குப் பயந்து ரகசியமாகக் காப்பாற்றி வந்தார்கள்” என்று பலர் சொல்லக் கேட்கலாம். நம்பி விடாதீர்கள். சரித்திர ஆசிரியர்கள் ஆராய்ந்து பார்த்து இல்லை என்று சொல்லி விட்டார்கள். ரொனால்டு ஹட்டன் என்னும் இங்கிலாந்துப் பேராசிரியர் 1999-ல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். விக்கா இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான மதம்.

இந்தக் கதையில் நம் பக்கத்து வாசனையும் கொஞ்சம் வீசுகிறது. கற்கால மதம் என்ற கொள்கையை 1921-ல் புத்தகமாக எழுதிப் பரப்பியவர் மார்கரெட் மர்ரே என்ற பெண்மணி. எகிப்திய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். பிறந்தது 1863-ல், நம் கல்கத்தாவில்! நூறு வயது வாழ்ந்தார். அவருடைய கொள்கைதான் நூறு வயது தாங்கவில்லை.

அந்தக் கொள்கையைப் பிடித்துக் கொண்டவர் ஜெரால்டு கார்ட்னர். 1884-ல் இங்கிலாந்தில், மர வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பதினாறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு போர்னியோ, மலேயா. மலேயாவில் சுங்க இலாகா உத்தியோகம். கிரீஸ் என்னும் மலாய்க் கத்தியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1936-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1939-ல் ‘நியூ பாரஸ்ட்’ என்னும் காட்டுப் பக்கத்தில் ஒரு சூனியக்காரக் கூட்டத்தார் தமக்குத் தீட்சை கொடுத்தார்கள் என்று பின்னால் சொன்னார். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்று இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

அப்போது அதை வெளியே சொல்ல முடியாது. 1735-ம் வருஷத்துச் சூனியச் சட்டம் உயிரோடு இருந்தது. 1944-ல் கூட, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்மணியை அந்தச் சட்டப்படி ஜெயிலில் போட்டார்கள். 1951-ல் சட்டம் ரத்தாயிற்று. 1954-ல் கார்ட்னரின் புத்தகம் வெளி வந்தது. முன்னுரை எழுதியவர், மார்கரெட் மர்ரே!

‘விக்கா’ என்பது பழைய ஆங்கிலச் சொல். சூனியக்காரன் என்று அர்த்தம். அந்தச் சொல்லையே ஏன் பிடித்துக் கொண்டார்கள்? அது வேடிக்கையான சங்கதி அல்ல. ஐரோப்பாவில் சுமார் மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் விக்கா மதத்தினர் அல்ல. மாடு செத்ததற்கும் மழை பொய்த்ததற்கும் பழி சுமந்த ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள். நாம் உச்சுக் கொட்டி விட்டுப் போக முடியாது. நம் பீகாரிலும் பெண்ணைச் சூனியக்காரி என்று பழி சுமத்துவதைக் குற்றமாக்கி 1999-ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. பெண்களைக் கொன்ற சொல்லையே எடுத்து, “ஆம், நான் அதுதான். இப்போது என்ன செய்வாய்?” என்று இவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

டோரீன் கதை

இப்போது உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய ஒரு பெண்மணியிடம் வருகிறேன். டோரீன் வாலியண்டே. 1922-ல் லண்டன் பக்கத்தில் பிறந்தவர். 1952-ல் ஒரு படப் பத்திரிகையில் சூனியப் பொருட்காட்சிச் சாலையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இதோ நீங்கள் புரட்டிக் கொண்டிருக்கிறீர்களே, இது போன்ற பத்திரிகைதான்! அதைப் படித்து விட்டு டோரீன் கடிதம் போட்டார். அது கார்ட்னரிடம் போய்ச் சேர்ந்தது. 1953-ம் வருஷம் கோடைகாலத்தில் தீட்சை. வீட்டில் என்ன சொன்னார் தெரியுமா? ஸ்டோன்ஹெஞ்சில் நடக்கும் விழாவைப் பார்க்கப் போகிறேன் என்று!

கார்ட்னரின் பூஜைப் புத்தகத்தைப் படித்த டோரீனுக்கு விரைவிலேயே ஒன்று புலப்பட்டது. தொன்மையான மந்திரங்கள் என்று சொன்னவற்றில் பல, அலெய்ஸ்டர் குரோலி என்பவர் சமீப காலத்தில் எழுதியவை. டோரீன் அதை நேருக்கு நேர் கேட்டார். கார்ட்னர் மறுக்கவில்லை. “உன்னால் முடிந்தால் நன்றாக எழுதிக் கொடேன்” என்கிற தோரணையில் பதில் சொன்னார். டோரீன் எழுதினார். தேவி தன் மக்களிடம் பேசுவதாக அவர் அமைத்த வசனத்தை இன்றும் உலகெங்கும் விக்கா மதத்தினர் ஓதுகிறார்கள்.

ஆனால் கார்ட்னருக்குப் பத்திரிகை விளம்பரத்தில் மோகம் அதிகம். ரகசியத்தைக் காக்க வேண்டியவரே நிருபர்களை அழைத்தால் எப்படி? டோரீனும் சிலரும் 1957-ல் சில விதிகளை எழுதி அனுப்பினார்கள். அதற்குக் கார்ட்னர், “விதிகள் முன்பே இருக்கின்றன” என்று ஒரு பட்டியலை நீட்டினார். அதில் ஒரு விதி என்ன தெரியுமா? தலைமைப் பூசாரிணி வயதானதும், தன்னை விட இளையவளுக்கு இடம் விட்டு அழகாக விலகிக் கொள்ள வேண்டுமாம்!

கிழவியும் தெய்வம் என்று சொல்லும் மதத்தில் இப்படி ஒரு விதி! டோரீனுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. ‘இந்த விதிகள் தொன்மையானவை அல்ல, இப்போது எழுதியவை’ என்று அவருக்குத் தெளிவாகி விட்டது. கூட்டத்தை விட்டு வெளியேறினார்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன். வெளியே வந்த டோரீன் படித்தார், ஆராய்ந்தார், எழுதினார். 1978-ல் வெளியிட்ட நூலில், எந்தக் கூட்டத்திலும் சேராமல் தன் வீட்டில் தானே தீட்சை செய்து கொள்ளும் முறையை எல்லோருக்கும் எழுதிக் காட்டினார். பின்வாசல் வழியாக அனுப்பப் பார்த்த பெண்மணி, முன்வாசலையே ஊருக்கெல்லாம் திறந்து விட்டார்!

மனத்தில் வன்மமும் வைத்துக் கொள்ளவில்லை. கார்ட்னரின் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கிழ டோரதி’ கட்டுக்கதை என்று ஒரு பேராசிரியர் சந்தேகப்பட்டார். டோரீன் பழைய பதிவேடுகளைத் தேடி, டோரதி கிளட்டர்பக் என்ற பெண்மணி நிஜமாகவே வாழ்ந்தவர் என்று நிரூபித்தார். அவருக்கு ஞானஸ்நானம் நடந்த ஊர் எது தெரியுமா? நம் அம்பாலா!

கற்க நினைக்கிறவர்களுக்கு

படிப்பில் ஆரம்பிப்பதே நல்லது. சரித்திரத்துக்கு ஹட்டனின் நூல். நடைமுறைக்கு, தனியாகப் பூஜை செய்கிறவர்களுக்காக ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-ல் எழுதிய நூல். அனுபவத்துக்கு டோரீன் 1989-ல் எழுதியது. பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். தினம் சந்திரன் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மரம் பூத்தது, மனம் எப்படி இருந்தது என்று எழுதி வருவார்கள். காசு செலவில்லாத பாடம்.

கூட்டத்தில் சேருவதென்றால் அவசரம் கூடாது. ஒரு வருஷமும் ஒரு நாளும் கற்றுக் கொண்ட பிறகே தீட்சை என்பது பல கூட்டங்களின் வழக்கம். கார்ட்னர் வழி வந்தவர்கள் தீட்சைக்குப் பணம் வாங்குவதில்லை. பதினெட்டு வயது ஆகாதவர்களைச் சேர்ப்பதும் இல்லை. அந்த வழியில் ஆடையின்றிப் பூஜை செய்யும் பழக்கம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. அங்கி அணிந்து செய்கிற கூட்டங்கள் ஏராளம். மனம் ஒப்பாத எதற்கும் ‘மாட்டேன்’ என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு.

ஆகவே, பணம் கேட்கிறவர், “வீட்டில் யாரிடமும் சொல்லாதே” என்று மிரட்டுகிறவர், “உன் புருஷனை வசியம் செய்து தருகிறேன்” என்கிறவர் - இந்த மூவரையும் வாசலோடு அனுப்பி விடுங்கள். விக்காவானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி. மூலிகை என்று பெயர் தெரியாத செடியைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். வியாதிக்கு டாக்டர்தான்.

டோரீன் 1999-ல், எழுபத்தேழாம் வயதில் காலமானார். கடைசியில் அவர் வாழ்ந்தது பிரைட்டன் நகரில், நகரசபை கட்டிய அடுக்கு மாடி வீடு ஒன்றில். புகழ் பெற்றவர்கள் வாழ்ந்த வீட்டில் நீல வட்டப் பலகை பதிப்பது இங்கிலாந்தின் வழக்கம். 2013-ல் அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு பலகை பதித்தார்கள். அதில் அவர் பெயரோடு, கவி என்றும் நூலாசிரியை என்றும் எழுதியதோடு நிற்கவில்லை. நவீன சூனியக் கலையின் தாய் என்றும் வெளிப்படையாகப் பொறித்தார்கள்.

உங்கள் பெண் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். “இது தொன்றுதொட்டு வந்த விதி” என்று யாராவது சொல்லும்போது, “எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்” என்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் டோரீனிடமிருந்து அவள் கற்றுக் கொள்ளட்டும்.