கம்ப்யூட்டர் திடீர் திடீரென நின்றால்

"மதர்போர்டையே மாற்றணும் என்கிறான் கடைக்காரன்" என்று லேக் மார்க்கெட் பக்கத்து நண்பர் ஒருவர் வந்து நின்றார். வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். மகளுக்குப் பரீட்சை நேரம், கையிலோ பணமில்லை.

ரயில்வேயில் பழுது பார்க்கையில் நாங்கள் கடைப்பிடித்த வழி இதுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம். கல்கத்தாப் புழுக்கத்தில் தூசி பசைபோல ஒட்டும். விசிறி அடைபட்டால் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஓடிய சிறிது நேரத்தில் நின்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பழைய பெயிண்ட் பிரஷ் போதும். விசிறியைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரங்காலமில்லாமல் நீலத்திரை வந்தால் ராம். பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின் அதைக் கழற்றி, பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, அழுத்திச் செருகுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86 இலவசமாகக் கிடைக்கிறது. இரவு முழுக்க ஓடட்டும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகமானால் அண்டை வீட்டாருடையதை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

நண்பர் வீட்டில் இரண்டு ராமில் ஒன்றுதான் கெட்டிருந்தது. சாந்தினி சௌக்கில் பழையதாக ஒன்று வாங்கிப் போட்டோம். கெட்டதை மகள் புத்தக அடையாளமாக வைத்திருக்கிறாள்.