கணினியும் கச்சான் காற்றும்

மட்டக்களப்பு வாவியையும் அதன்மேல் தவழ்ந்து வரும் காற்றையும் புகழாதார் இலர். நிலாக் காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தருகே மீன் பாடுவதைக் கேட்கச் செல்வோர்க்கு அக்காற்று அமுதமே. ஆயினும், நம் வீட்டு மேசைமேல் வீற்றிருக்கும் கணினிக்கு அதே காற்றுப் பகையாவதும் உண்டு.

சென்ற ஆண்டு எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து கடற்றொழிலாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உயர்தர வகுப்பிற் பயிலும் மகளுக்காக மனைவியின் காப்பை அடகு வைத்துப் பழைய கணினி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அஃது இயக்கிய பத்து நிமிடத்திலே தானாக அணைந்துவிடுகின்றதாம். “புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்று சொல்லுகிறார்கள், சேர். இனி அடகு வைக்க வீட்டிலே ஒன்றுமில்லை” என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே எதுவும் பழுதுபடவில்லை. விசிறியின் அடியிலே கம்பளித் துணிபோலத் தூசி படிந்து கிடந்தது. அரை மணி நேரத் துப்புரவின் பின் கணினி பழையபடி இயங்கிற்று. அடுத்தவர் சொற்கேட்டு அவர் அதனை வீசியிருப்பின், அம்மாணவியின் படிப்பு என்னவாகியிருக்கும்?

கணினிக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பெற்ற ‘எனியாக்’ என்னும் கணினி 17,000க்கு மேற்பட்ட வால்வுகளைக் கொண்டது. ஏறக்குறைய 150 கிலோவாற்று மின்சாரத்தை விழுங்கியது. அதன் வெப்பத்தை வெளியேற்றவே பெருவிசிறிகள் வேண்டியிருந்தன. இன்றைய மேசைக் கணினியின் செயலியோ தபால் முத்திரை அளவினதே. எனினும் அது 65 வாற்றோ அதற்கு மேலோ மின்சாரம் கொள்வதுண்டு. பழைய மின்குமிழ் ஒன்றின் வெப்பம் முழுவதும் அச்சிறு தகட்டிலே திரளுகின்றதென எண்ணிப் பாருங்கள்!

அவ்வெப்பத்தை அலுமினியத் தகடுகளின் அடுக்கு ஒன்று உறிஞ்சுகின்றது. விசிறி அதனைக் காற்றிலே கலந்து வெளியேற்றுகின்றது. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. செயலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை நெருங்கும்போது அது முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அப்பாலும் தணியாவிடின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

நம் நாட்டுப்புறத்திலே மற்றுமோர் இடரும் உண்டு. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான், வெம்மையோடு புழுதியையும் அள்ளி வருகின்றது. கடற்பக்கத்துக் காற்றோ உப்புத் துகளைச் சுமந்து வருகின்றது. இவை கணினிக்குள்ளே உலர்ந்து கிடக்குமட்டும் பெருந்தீங்கு இல்லை. ஐப்பசியிலே மழை தொடங்கிக் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைக் கடந்ததும், உப்பு அவ்வீரத்தை ஈர்த்துக் கரைகின்றது. உவர்நீரோ மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கோடையிலே படிந்த தூசி மாரியிலே நஞ்சாகும் வகை இதுவே.

ஆதலின் கணினியைத் தரையில் வையாதீர்; விளக்குமாறு கிளப்பும் புழுதியெல்லாம் அதனுட் புகும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசைமேல் வையுங்கள். இயங்கும்போது பூவேலைத் துணியால் மூடுவது பாசமன்று, மூச்சை அடைப்பதாகும். அணைத்து, சூடு ஆறிய பின்னரே மூடுக. மாரி காலத்தில் அதனை வாரக்கணக்கில் உறங்கவிடாது நாடோறும் சிறிது நேரம் இயக்கினால், உள்ளிருக்கும் ஈரம் உலரும்.

துப்புரவு செய்யுமுன் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை நீக்குங்கள். விசிறியைச் சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தூசியை நீக்குங்கள். வாயால் ஊதுதலும் ஈரத்துணியால் துடைத்தலும் ஆகா. மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அது தொழில் அறிந்தவர் கைக்கு உரியது.

இதற்கு ஏற்ற காலம் எது? கச்சான் ஓய்ந்து, வாடை தொடங்குமுன் வருவது நவராத்திரி. நூல்களையும் கருவிகளையும் துடைத்துக் கலைமகள் திருமுன் வைக்கும் வழக்கத்தை முன்னோர் நமக்குத் தந்துள்ளனர். கணினியும் இக்காலத்துக் கல்விக் கருவியே அன்றோ? அதற்குப் பொட்டு இடுமுன் அதன் உள்ளத்துத் தூசியையும் நீக்குவோமாக. அந்தக் கடற்றொழிலாளர் வீட்டிலே இவ்வாண்டு அப்பணியைச் செய்யப்போகிறவள் அவர் மகளே.