கை கோக்கத் தெரிந்த யந்திரம்

பொம்மைப் படம்தானே, குழந்தைகள் பார்க்கட்டும் என்று அடுக்களைக்குக் கிளம்பினேன். "அஞ்சே நிமிஷம் உட்காரும்மா" என்று மகள் இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை!

படம் 'வால்-ஈ'. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் எடுத்து, 2008-ல் வெளிவந்தது. டைரக்ஷன் ஆண்ட்ரூ ஸ்டான்டன். பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு மனிதர்கள் விண்கப்பலில் போய்விடுகிறார்கள். 700 வருஷமாக ஒரு சின்ன யந்திரம் மட்டும் குப்பையை அமுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறது. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி! வைரமோதிரம் கிடைத்தால், மோதிரத்தை வீசிவிட்டுப் பெட்டியைப் பத்திரப்படுத்துகிறது. சிரித்து மாளவில்லை.

ஆனால் வேலை முடிந்ததும் அது பழைய 'ஹலோ டாலி' படத்தைப் போட்டுப் பார்க்கும். அதில் இருவர் கைகோத்துக்கொள்வதைப் பார்த்து, தன் ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொள்ளும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கப்பல் மனிதர்களோ நடக்க மறந்து, நாற்காலியில் மிதந்தபடி, பக்கத்தில் இருப்பவரிடமும் திரையைப் பார்த்தே பேசுகிறார்கள்!

சகோதரிகளே, என் மாமியார் நினைவு வந்தது. மாமா போனபின் உள் அறையே கதி என்று இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் தருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாச்சு?

அன்று ராத்திரி தைலத்தோடு போனேன்.

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"இருக்கட்டும் அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவே இல்லை.