எல்லைக்கோட்டு வாழ்க்கை – 6: ரஸ்ஸல் லீயின் பிளாஷ் வெளிச்சம்

1929இல் தொடங்கிய பெருமந்தம், அதாவது வங்கிகள் மூடப்பட்டு, விளைபொருள் விலை சரிந்து, இலட்சோப இலட்சம் பேர் வேலையிழந்த காலம், அமெரிக்க–மெக்சிகோ எல்லையை ஒட்டி வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் மேல் இரட்டைச் சுமையாக இறங்கியது. கூலி குறைந்தது ஒருபுறம் இருக்க, பிறர் வேலையைப் பறிப்பவர்கள் என்ற பழியும் சேர்ந்துகொள்ள, தாயகம் திருப்புதல் என்ற பெயரில் இலட்சக்கணக்கானோர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் கணிசமானோர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். இந்த வெளியேற்றம் மும்முரமாக நடந்த 1931இல், அதைப் படமெடுத்திருக்கக்கூடிய, ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையிலான அமெரிக்க அரசின் புகைப்படப் பிரிவு பிறக்கவேயில்லை. ஊரக வறுமையை ஆவணப்படுத்த 1935இல் உருவாகி, 1937இல் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அங்கமான அப்பிரிவின் கோப்புகளில் எஞ்சி நின்றவர்களின் வாழ்க்கையே பெரிதும் காணக் கிடைக்கிறது.

அப்பிரிவின் டோரதியா லாங், மெக்சிகோவின் ஹுவாரெஸிலிருந்து டெக்சாஸின் எல் பாசோவுக்குப் பாலம் கடந்து வருவோரின் மூட்டைகளை, பயிர்நோய் பரவாமல் தடுக்கும் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பதைப் படமெடுத்தார். ஆனால் எல்லைப்புற வீடுகளுக்குள் நுழைந்தவர் ரஸ்ஸல் லீ.

வேதிப் பொறியியல் படித்து, ஓவியம் பயின்று, 1936இல் ஸ்ட்ரைக்கரிடம் சேர்ந்த லீ, 1939இன் தொடக்க மாதங்களில் தெற்கு டெக்சாஸில் எடின்பர்க்கின் கேரட் தொழிலாளர்களையும் கிறிஸ்டல் சிட்டியின் பசலைக்கீரை வயல்களையும் சான் அன்டோனியோவின் குடிசைப் பகுதிகளையும் படமாக்கினார். கேமராவிலிருந்து நேராகப் பளீரென்று அடிக்கும் அவரது பிளாஷ், நிழலின் நயத்தைக் கெடுத்துவிடுகிறது என்ற குறை நியாயமானதே. எனினும் வெளிச்சம் குறைந்த அறையில் அந்த முரட்டு ஒளிதான், சுவரில் ஒட்டிய செய்தித்தாளையும் மூலையில் சுரூபங்களும் புனிதர் படங்களும் நெருக்கமாக அடுக்கிய வீட்டுப் பீடத்தையும் ஒரே கூர்மையோடு காட்டியது. வறுமையை மட்டும் தேடிய கண் அந்தப் பீடத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

சான் அன்டோனியோவில் அவர் படமெடுத்த பெக்கான் உடைப்போரின் கதை இன்னும் சிக்கலானது. பெக்கான் என்பது அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொட்டை; அதை உடைத்துப் பருப்பெடுக்க, எடைக்கு இவ்வளவு என்று சில சென்டுகளே கூலி. முதலாளிகள் அதிலும் கைவைத்தபோது, 1938 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 12,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். எம்மா தெனாயூகா என்ற இளம்பெண் முன்னணியில் நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், முதலாளிகள் இயந்திரத்துக்கு மாற, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆகவே 1939 மார்ச்சில் லீ பதிவுசெய்த கைகள், மறைந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் கைகள்.

இக்கோப்புகளின் பெருங்குறை படக்குறிப்புகளில் இருக்கிறது. பெரும்பாலான குறிப்புகள் பெயரில்லாமல் ‘மெக்சிகர்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. பல தலைமுறையாக டெக்சாஸில் வாழ்ந்தவரும் முந்தின ஆண்டு எல்லை ஆற்றைக் கடந்தவரும் அதில் ஒன்றாகிவிடுகின்றனர். வெளியேற்றிய அதிகாரிகள் செய்த பிழையும் ஏறக்குறைய இதுவே.

லீ 1949இல் கல்வியாளர் ஜார்ஜ் சான்செஸுடன் சேர்ந்து, டெக்சாஸின் ஸ்பானிய மொழி மக்களைப் பற்றிய ஆய்வுக்காக எல் பாசோ, சான் அன்டோனியோ, கார்ப்பஸ் கிறிஸ்டி, சான் ஆஞ்சலோ ஆகிய நகரங்களில் மீண்டும் படமெடுத்தார். அப்படங்களை அடுத்த பகுதியில் காணலாம்.